பூவரசம் இலையின் பச்சை எதில் இறங்கும்?

என் அன்பான அக்கா,

அம்மா நித்திரை. விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். விடிந்ததும் உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பல்துறை மாமா வீட்டுக்குப் போகிறோம். ஷெல் இப்போது மிகக் கிட்ட விழுகிறது. உங்களைக் கொண்டுபோனதும் அப்படி ஒன்றுதானே.

ஒரு செய்தி, அம்மாவின் கைவெடிப்புக்கென்று போட்ட மூன்றாவது போத்தல் பழுதாகவில்லை.

முதல் போத்தல் ஞாபகமா? இலை ஊறிய தண்ணீர் மண்ணிறமானது, பச்சை இறங்கவேயில்லை. இரண்டாவதில், தேங்காயெண்ணெயில் போட்டதும் இறங்கியது, ஆனால் புளித்து மணத்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட் கேட்போமா என்றேன்.

"அம்மாவின்ர வெடிச்ச கையில ஸ்பிரிட் பட்டால் எங்களை உரிச்சுப்போடுவா. பூச ஏலாததில ஏனடி கரைக்கிறது?" என்றீர்கள்.

எண்ணெய் புளித்தது எங்களால்தான், அக்கா. அம்மா கருவாடு காயப்போடும் வேலியில் பறித்த இலை. உப்பும் செதிலும் படிந்திருக்குமென்று கழுவி, ஈரத்தோடு போட்டோம். இந்த முறை துடைத்து, அலுமாரிக்கு மேலே நொறுங்கும்வரை காயவைத்தேன். பிறகு எண்ணெயில் ஊறவிட்டு, போத்தலை வெயிலில் சுட்ட மணலில் புதைத்தேன். அடுப்பே தேவைப்படவில்லை.

அம்மாவின் இடக்கையில் மட்டும் அதைப் பூசினேன், வலக்கையில் வெறும் எண்ணெய். "வலக்கை உனக்கு என்னடி பாவம் செய்தது?" என்று கேட்டா. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? இடக்கை வெடிப்பு மூடிக்கொண்டு வருகிறது. கப்பல்துறையிலும் அம்மாவுக்குக் கருவாட்டு வேலைதான். இந்தக் கையோடு உப்பைத் தொட ஏலாது.

ஆனால் வழியில் இராணுவச் சோதனைச்சாவடி. போத்தலை எடுத்து வைத்தபோது அம்மா தடுத்துவிட்டா.

"விட்டிட்டு வா பிள்ளை. பச்சை எண்ணெயை என்னெண்டு விளங்கப்படுத்துவாய்? உனக்குச் சிங்களம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது."

எனக்கும் பயம்தான். அதனால் இன்று பின்னேரம் மிச்சம் முழுவதையும் அம்மாவின் இரண்டு கைகளிலும் தேய்த்தேன். ஊற்றி ஊற்றி, தோல் குடிக்கும்வரை. வலக்கைக்கும் பூசியதால் ஆராய்ச்சி கெட்டுப்போயிற்று, கோபிக்காதீர்கள். நாளைக்குக் கையை நீட்டச் சொன்னால் நீட்டுவோம். பச்சை அங்கே தெரியாது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. தண்ணீர் எடுத்த அந்த மண்ணிறம் என்ன? அதிலும் மருந்து இருக்குமா? எண்ணெய்க்கு வராதது ஏன் தண்ணீருக்கு வருகிறது?

மாமா வீட்டு வேலியிலும் பூவரசு நிற்குமாம். நாலாவது போத்தலில் அதைக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்வேன், அக்கா. வாக்கு.

கைகளில் இலை மணக்கும்,
உங்கள் தங்கச்சி