போட்டோவுக்குப் போட்ட சங்கிலி

என் அன்பு அத்தைக்கு,

அங்கேயாவது நிம்மதியாக இருக்கிறீர்களா? இங்கே எனக்கு இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. காலையில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். இருந்ததே அரை லிட்டர்.

அரை லிட்டர் எப்படிப் போதும் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் உங்கள் மகன் ஏற்பாடு. உங்கள் வைத்தியத்துக்கு இரண்டு கடன் வாங்கினோம். ஒன்று, உங்கள் சங்கிலியை பேங்கில் அடகு வைத்தது. இன்னொன்று வட்டிக்காரரிடம் வாங்கியது. லாரி ஓட்டி அவர் கொண்டுவரும் சம்பளத்தில் கடனுக்குப் போக மிச்சத்தில்தான் குடித்தனம். கறிக்கடைப் பக்கம் போயே மாதக்கணக்காகிறது. "கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு இரு"ன்னு அவர் சொல்வார். "கடிக்கவாச்சும் எதனா வாங்கிப் போடுங்க"ன்னு நான் கத்துவேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை அத்தை. நீங்கள் பிழைப்பீர்கள் என்றால் மூன்றாவது கடனும் வாங்கியிருப்போம்.

போன வாரம் ஒருவழியாக நகையைத் திருப்பிவிட்டார். தங்கம் ஏறிக் கிடக்கிறது. ஜெயங்கொண்டம் கடையில் விற்றால் வட்டிக்காரரை அடியோடு தீர்த்துவிடலாம் என்று சேர்ந்தே முடிவெடுத்தோம். நான் அழுதேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் திருமானூரில் உங்கள் பெண் கலாவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்துவிட்டது. தாய்மாமன் சீராகத் தோடும் பட்டுப்பாவாடையும் வாங்குவதற்கே எங்களுக்குள் பெரிய சண்டை. பூட்டிய வீட்டில் வைக்கப் பயந்து, உங்கள் சங்கிலியை நான் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன்.

மாமன் மடியில் உட்கார்ந்து யாழினி வீறிட்டு அழுதாள். முகத்தை அப்படியே திருப்பினாள் பாருங்கள், அசல் நீங்கள்தான். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "அம்மா சங்கிலியக் கழட்டிக் குடு. புள்ள கழுத்துல போட்டு ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்றார். கொடுத்தேன்.

மொய் எழுதுகிற இடத்தில் மைக் பிடித்தவருக்குப் போட்டோ என்று யார் சொன்னது? "தாய்மாமன் சீர், மூணு பவுன் தங்கச் சங்கிலி!" என்று முழங்கிவிட்டார். சபையே குலவை போட்டது. உங்கள் மகன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஊரறியச் சொன்ன சீரை எந்தத் தாய்மாமனால் இல்லை என்று சொல்லமுடியும்? நம்மூர் கீழப்பழுவூர் வரும்வரை பஸ்ஸில் நாங்கள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கலா வந்தாள். சங்கிலியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"குடுத்த சீரத் திருப்பி வாங்குனா ஊரு காறித் துப்பும்"ன்னு இவர் எகிறினார்.

"சீரு எங்கண்ணே திரும்புச்சு? சபையில குடுத்துட்டீங்க, நானும் வாங்கிட்டேன். இது இப்ப என் சங்கிலி. எங்கம்மா வைத்தியத்துக்கு வாங்குன கடனுக்கு எம் பங்கா குடுக்குறேன். நான் மவ இல்லையா? அண்ணி, நீங்களே சொல்லுங்க."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊருக்குத் தெரிந்தால் அவளுக்கல்லவா தலைகுனிவு? வாங்கியது சரிதானா அத்தை?

சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. நானும் அவரும் பானையைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். நேற்று வட்டிக்காரர் மறுபடி போன் செய்தார். இதோ, இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, ஜெயங்கொண்டம் பஸ் வந்துரும்" என்று வாசலிலிருந்து கூப்பிடுகிறார்.

போய் விற்றுவிட்டுத்தான் வரப்போகிறோம். இதுவரை வட்டிக்குப் போன பணத்தை இனி மாதாமாதம் நகைச்சீட்டில் கட்டுவேன். பால் மட்டும் ஒரு லிட்டராக்கிக்கொள்கிறேன். யாழினி பெரியவளாகும் சடங்குக்குள் அவள் கழுத்துக்கு ஒரு சங்கிலி வரும். அதை என் கையாலேயே போட்டுவிடுவேன். அப்போது மைக்கில் சொல்வது பொய்யாக இருக்காது.

உங்கள் மகளுக்கு அண்ணியும்,
உங்களுக்கு மருமகளுமான,
செல்வி