புழுதிப் படம்

ஏப்ரல், செவ்வாய்க்கிழமை.

இன்று பழைய தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி எங்கள் கோரமண்டல் லைன் வரிசை வீடுகள் மேல் கவிழ்ந்தது. இருமிக்கொண்டே படமெடுத்து என் செய்திப் பக்கத்தில் போட்டேன். ஓரத்தில் விழுந்திருந்த என் விரலை மட்டும் போனிலிருக்கும் ஏஐ அழிப்பானால் அழித்தேன். அவ்வளவுதான். படத்தின் மேல் "ஏஐ உருவாக்கியது" என்ற முத்திரை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. என்ன செய்தும் அதை எடுக்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லோரும் புழுதியை விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "லைக்குக்காக ஊர் பேரைக் கெடுக்காதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் இருப்பது பெங்களூரில்! நாளை புழுதிக்காக மனு கொடுக்கப் போகிறவர்களும் இந்தப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் தொங்குவதும் அதே துணிதான்.

"இன்னா சுதா, நம்ம லைன் மாதிரியே பண்ணிக்கிறியே! எந்த ஆப்புல பண்ண?"

"அக்கா, அது நெஜப் படம். அதுல இருக்கிறது உங்க நைட்டி!"

"அதான் சொல்றேன், அச்சு அசலா கீது."

சொல்லிவிட்டு அந்த நைட்டியை என் முகத்துக்கு நேராக உதறினார்.

இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறேன்.