நூற்றிருபது கிலோமீட்டர் பெட்டி

சித்தூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான ஜெபசிங்குக்கு, தனராஜ் எழுதுவது. மஸ்கட் வெயில் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மூன்று தடவை போன் செய்து, மூன்று தடவையும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன். வாயில் வராதது கையிலாவது வரட்டும் என்றுதான் காகிதம் எடுத்தேன்.

திருப்பதி ஃபைபர் லைனின் பழைய கருவிகளை இந்த வாரம் கழற்றினோம். அந்தச் சுருள் பெட்டி என் கைக்கு வந்தது. நீ ஃபைபரை ஜாயிண்ட் போடுகிறவன், பெட்டி என் பொறுப்பு. அதனால் விவரமாகவே சொல்கிறேன். கேபிளில் செய்தியைச் சுமந்து ஓடும் ஒளிக்குள் இருக்கும் நிறங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தூரம் போகப்போக ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒரு துடிப்பு அடுத்ததன்மேல் வழிந்து செய்தி குழம்பும். அவற்றை மறுபடி ஒன்றுசேர்ப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. தூரத்துக்குத் தக்க பெட்டி வேண்டும். கூடினாலும் கெடும்.

கேபிள் புத்தூர் சுற்றிப் போனபோது நூற்றிருபது கிலோமீட்டர். அதை நேர்வழிக்கு மாற்றி நீ ஜாயிண்ட் போட்டுக் கொடுத்தபோது எழுபதுதான். நான் பெட்டியை மாற்றவில்லை. மறந்துபோனேன், அவ்வளவுதான். லைனில் செய்தி பிழையாக வந்தது. மேனேஜர் கேட்டபோது, ஜாயிண்ட் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். நீ மீட்டரைக் காட்டி, "லைட்டு நல்லாத்தான் வந்துக்கினு கீது தனராஜு, நீயாவது சொல்லு" என்றாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னை வேலையிலிருந்து நிறுத்திய மறுவாரம்தான் பெட்டியின் லேபிளில் நூற்றிருபது என்றிருந்ததைப் பார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் மாற்றினேன். லைன் சுத்தமாகிவிட்டது. உன் ஜாயிண்டை நான் தொடவேயில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கான்ட்ராக்டரும் உன்னைச் சேர்க்காமல் போனபோது, நெஞ்சு உறுத்தித்தான் உன் விசாவுக்கு அலைந்தேன். நீ அதை நட்பு என்று நினைத்தாய். சீ, நானும் ஒரு மனுஷன்.

நேற்று இதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டேன். என் வேலை போகும், போகட்டும். மஸ்கட் கோடவுனில் நீ மூட்டை தூக்கிய இரண்டு வருஷத்துக்கு என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

உன் வீட்டில் ஜெயசீலிக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் உன் மகளை என்முன் நிறுத்தி, "மாமாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு பிளெஸ்ஸி, அவராலதான் உங்க நைனாவுக்கு வேல கெடச்சிது" என்றாள். குழந்தை கைகூப்பியது. நான் அதன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன், ஜெபா.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. கர்த்தர் உன்னைச் சுகமாய் வீடு சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தனராஜ்