மாப்பிள்ளை வாட்ச்

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜோனத்தான் குடும்பத்தோடு வந்தார். மே பதினேழு எங்கள் நிச்சயதார்த்தம். பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்யும் குடும்பம். அவரிடம் பதினொரு கைக்கடிகாரங்கள் இருக்கின்றனவாம். கையில் இருந்ததைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். கண்ணாடிக்குள் ஒரு குட்டிச் சக்கரம் துடித்துக்கொண்டிருந்தது.

“பேட்டரியே கிடையாது. கை அசையுறதுலயே ஓடும்.”

அப்பா எழுந்து உள்ளே போனதும் விலை கேட்டேன். தயங்கி, “பதினெட்டு லட்சம்” என்றார். வெட்கமா, பெருமையா? எனக்கு வந்தது கோபம்தானே? பிறகு ஏன் இன்னொரு முறை காட்டச் சொன்னேன்?

மே 3

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பாதான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டவேண்டும். அப்பா இன்று தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி வந்துவிட்டார்.

“அவர் கட்டியிருந்த அதே கம்பெனிம்மா! மூவாயிரத்து ஐந்நூறு. கடைக்காரன் என் பழைய ஸ்டூடண்ட், எனக்காகக் குறைச்சான்.”

முப்பது வருடம் கணக்கு வாத்தியார்! இதில் வினாடி முள் குதித்துக் குதித்துப் போகிறது. ஜோனத்தானுடையதில் வழுக்கிக்கொண்டு போனது. இது போலி. சொல்லவா?

மே 5

சொல்லவில்லை. அப்பா தினமும் பெட்டியைத் திறந்து துடைத்து வைக்கிறார்.

மே 9

ஜோனத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, “சுஜி, அங்கிள்கிட்ட சொல்லிடாத. நான் கட்டிக்கறேன்.”

எவ்வளவு நல்ல மனம். அப்படித்தானே? இவ்வளவு எளிதாக நடிக்க முடிகிறதே என்றும் தோன்றுகிறது. ஆனால் அவரை நடிக்கவைத்தது நான்தான்.

மே 17

ஜோனத்தான் தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்பா தான் வாங்கியதை அவருக்குக் கட்டிவிட்டார். ஜெபம் முழுக்க என் உள்ளங்கையில் ஜோனத்தானுடையது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை – இதை யாரிடம் சொல்ல?

சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய நண்பர் ஜோஷ்வா, “மச்சான், இன்னாடா இது? பஸ் ஸ்டாண்டுல வாங்குனியா?” என்று உரக்கச் சிரித்தார். ஜோனத்தான் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

மே 18

“அந்தத் தம்பி ஏம்மா சிரிச்சுது?” என்று அப்பா கேட்டார்.

சொன்னேன். வாட்ச் போலி என்று.

“மாப்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“உனக்கு?”

“வாங்கிட்டு வந்த அன்னிக்கே.”

“நானூறு பேர் முன்னாடி என்னைக் கட்டவச்சியே!”

அவர் மனம் நோகக்கூடாது என்றுதானே மறைத்தேன்? இல்லை, சொல்லப் பயந்தேனா? ஒன்றுமே புரியவில்லை.

மே 25

ஜோனத்தான் வந்தார். அப்பா, “குடுங்க தம்பி, கடையில மாத்திடலாம்” என்றார்.

“இருக்கட்டும் மாமா. அன்னிக்கு எனக்கு வெக்கமாயிடுச்சு, அதான் கையை மறைச்சுட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க.”

அப்பா பைக் சாவியை எடுத்தார். “பத்திரிகை அடிக்கக் குடுக்கணும், கூட வர்றீங்களா?” என்று கேட்டார். இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்.

திரும்பி வந்ததும் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். கையில் வாங்காமல் டேபிளில் வைக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்டது ஜோனத்தான். நான் இன்னும் கேட்கவில்லை.