டாட் காம் வேண்டாம் என்றீர்களே

மோடம் கத்தித் தீர்த்து இப்போதுதான் ஓய்ந்தது. அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டாலே, நீங்கள் சாம்பிராணித் தட்டோடு வந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போவது ஞாபகம் வந்து தொலைக்கிறது. இன்று லைன் கிடைத்ததும் முதலில் வந்து விழுந்த மெயில், நம் இணையப் பெயரைப் பற்றியது. தவணை முடிகிறதாம். வைத்துக்கொள்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். நீங்கள் இருந்தால் என்னைக் கேட்காமலே பதில் போயிருக்கும்.

என் தம்பி பக்கத்திலேயே நிற்கிறான். நம் கடையின் இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தவன் அவன்தானே. "அக்கா, இதான் சான்ஸ். இந்த ஓஆர்ஜிய விட்டுட்டு டாட் காம் எடுத்துருவோம். மச்சான்தான் இல்லியே, யாரு தடுக்கப் போறா?" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டதில் என்ன தப்பு?

உங்களோடு வாழ்ந்தது எண்களோடு வாழ்ந்ததுதான். கல்யாணமான கையோடு என் பெயருக்கு ஓர் எழுத்தைக் கூட்டினீர்கள். பதினேழாம் தேதி கூட்டினால் எட்டு, சனியின் எண்; அன்று அம்மா வீட்டுக்குக்கூடப் போகக்கூடாது. கிள்ளானில் காற்றோட்டமான வீடு ஒன்று அமைந்து வந்தது. கதவு எண்ணைக் கூட்டினால் எட்டு என்று வாசலோடு திரும்பினோம். பிரிக்பீல்ட்ஸில் நம் மணவறை அலங்காரக் கடைக்கு மேலே இருந்த இந்த அறையின் எண் மட்டும் உங்களுக்குப் பிடித்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். நான் ஒரு நாள் அழுதேன். "சனி பிடிக்காத இடம்மா இது," என்றீர்கள். சனி வந்தாலாவது பேச்சுத்துணைக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

நெட் வந்த புதிதில் அதனால்தான் அப்படித் துள்ளினேன். 'பூவை மணவறை அலங்காரம்' என்று ஒரு பக்கம் போட்டால் ஊர் முழுக்க ஆர்டர் வரும், அந்த வருமானத்தில் நானே ஒரு வீடு பார்ப்பேன், கதவு எண்ணை ஏறிட்டும் பார்க்கமாட்டேன் என்று மனசுக்குள் கோட்டை கட்டினேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள்.

பெயர் பதிவு செய்கிற அன்று நீங்கள் பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்தீர்கள். இங்கிலீஷ் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினால் பூவைக்கு மூன்று, நல்ல எண். ஆனால் டாட் காம் சேர்த்தால் எட்டு. டாட் நெட்டுக்கும் அதே எட்டு. மலேசியாவுக்கென்று இருக்கும் டாட் காம் டாட் எம்ஒய்க்கு நாலு, ராகு. கடைசியில் டாட் ஓஆர்ஜி போட்டுப் பார்த்தீர்கள். ஆறு. முகமெல்லாம் பல்.

"சுக்கிரன்! கல்யாணத் தொழிலுக்கு வேற என்ன வேணும்?"

"மச்சான், அது சங்கம், தர்ம ஸ்தாபனம் வைக்கிறது லா. வியாபாரத்துக்கு டாட் காம்தான். ஜனங்க அதைத்தான் அடிச்சுப் பாக்கும்," என்றான் தம்பி.

"நாம நல்லது செய்யறவங்கதானே? சொன்னா கேளு, எட்டு வேணாம்."

கேட்டோம். வேறு வழி?

இணையப் பக்கங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் நம்மைத் திருமணப் பகுதியில் சேர்க்கவில்லை. பெயரின் வாலில் ஓஆர்ஜி. முதல் வரியில் 'பெண்களுக்கு என்றும் துணை' என்று தம்பி எழுதிய விளம்பரம். தூக்கிப் பெண்கள் நலச் சங்கங்களோடு போட்டுவிட்டார்கள். தம்பி மாற்றச் சொல்லி எழுதி எழுதி ஓய்ந்துபோனான். மணவறை வேண்டும் என்று தேடுகிறவர்கள் கண்ணில் நாம் படவே இல்லை. மணவறையில் உட்கார்ந்து எழுந்து, பிறகு அழுகிறவர்கள்தான் தேடி வந்தார்கள். அடிக்கிறார், சம்பளத்தைப் பிடுங்குகிறார், பிள்ளையைக் காட்டமாட்டேன் என்கிறார். 'மன்னிக்கவும், இது சங்கம் இல்லை, மணவறைக் கடை' என்று ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்பினேன். எழுதும்போது எரிச்சலாக வரும். நானே மூச்சு முட்டிக் கிடக்கிறேன், என்னிடம் வந்து கதவைத் திற என்கிறார்களே என்று.

அம்பாங்கிலிருந்து எழுதிய பெண்ணுக்கும் அதைத்தான் எழுதினேன். ஒரு கம்பெனியில் கிளார்க். காலையில் புருஷன் கொண்டுவந்து விடுவான், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வான், வீட்டில் வெளியே பூட்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் அவளுக்கு வழி. அவள் திருப்பி எழுதினாள்: 'சங்கம் இல்லைன்னா பரவாயில்லை அக்கா. நீங்க மனுஷங்கதானே?'

அதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டீர்கள்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கீழே இறங்கி நிக்கச் சொல்லு. லோரி எடுத்துட்டு வரேன்."

"நாளைக்குப் பதினேழு," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"இருக்கட்டும்."

அவ்வளவுதான். மறுநாள் நானும் உங்களோடு வந்தேன். மணவறைத் தூண்களுக்கும் அட்டை மயில்களுக்கும் நடுவில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்து வந்தாள். டெங்கில் தோட்டத்தில் அவள் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது உங்கள் காலில் விழப் போனாள். நீங்கள் பதறிப்போய் லோரிக்குப் பின்னால் ஒளிந்தீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருத்திக்கு ஒரு வரி வாசித்ததும் பதினேழாம் தேதியைத் தூக்கிப் போட முடிந்ததே, எனக்காக ஒரு தேதியை விட்டுக்கொடுத்தீர்களா? கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ பேருக்கு அந்த லோரி போனது. நாம் மட்டும் இந்த அறையை விட்டு நகரவில்லை. கடைசியில் நீங்கள் போனது ஓர் ஆறாம் தேதி. உங்கள் சுக்கிரன் என்ன செய்துகொண்டிருந்தானோ, பாவி.

உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. நீங்கள் இல்லாமல் சோறும் இறங்கவில்லை. இரண்டும் நிஜம்.

தம்பி மறுபடி அவசரப்படுத்துகிறான். "என்னக்கா, காம் எடுத்துரவா? தேடுறவங்க கண்ணுல படணும்ல?" அவன் விரல் காத்திருக்கிறது. டாட் காம் என்றால் ஆர்டர் வரும், வீடு வரும், காற்று வரும். தடுக்க யாருமில்லை. இத்தனை வருஷம் இதற்குத்தானே ஏங்கினேன்?

அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். புதுப்பிப்பு மெயிலுக்குக் கீழே இன்னொன்று வந்து கிடக்கிறது, செலாயாங்கிலிருந்து. சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரே வரி: 'ஆன்டி, இது சங்கம்தானே?'

ஆமாம் என்று எழுதிவிட்டேன்.