ரோஷனின் மொட்டையை யாருக்கு நேர்ந்தாய், அம்மா?

கோபமும் முத்தமுமாக, அம்மாவுக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ரோஷனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாயே, எந்தக் கோவிலில் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நேர்ச்சையை நிறைவேற்றும்வரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பாய். கைக்குழந்தையாக அவன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்தது அது. அவன் பிழைத்துவிட்டான். அப்பா சரக்குத் தோணியிலிருந்து இறங்கி வரட்டும், குடும்பமாகப் போவோம் என்று தள்ளிக்கொண்டே வந்தாய். போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். இங்கே நாலு வயசுப் பையன் தோள் வரைக்கும் முடியோடு திரிகிறான். தெருவில் பாதிப் பேர் அவனைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது அந்த முடி முழுக்கப் பேன். அவனிடமிருந்து தங்கச்சி ஜோவிட்டாவுக்கு, அவளிடமிருந்து எனக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பேன்சீப்போடு உட்கார்ந்திருக்கிறேன். எல்கேஜியில் சேர்க்க வேண்டுமென்றால் முடியை வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெட்டலாம். எங்கே போய்?

“வேளாங்கண்ணிக்குத்தான் நேர்ந்திருப்பா. எங்க அண்ணன் பிள்ளைக்கு வேற எங்கன நேருவா?” என்று அத்தை.

“எங்க அக்கா சின்னதுலேர்ந்தே அந்தோணியார் பக்தில்லா. உவரிதான்” என்று மாமா.

அப்பாவிடம் கேட்கலாம் என்று மாலத்தீவுக்குப் போன் போட்டால், “சரக்கு இறக்கிக்கிட்டு இருக்கோம்ளா, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. நம்ம மாதாவுக்குத்தான் இருக்கும். அத்தைட்ட கேளு” என்று வைத்துவிட்டார்.

நம் கோவில் பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டேன். “எங்க கொடுத்தாலும் ஆண்டவருக்குத்தான்மா” என்று சிரித்தார். அதை வந்து அத்தையிடம் சொன்னேன். “சாமியாருக்கு என்ன, பிள்ளையா குட்டியா? ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குக் கொடுத்தா, சொன்னவருக்குக் கோவம் வராதா?” என்றாள். புனிதர்கள் என்ன, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாத சொந்தக்காரர்களா, அம்மா?

போன ஞாயிறு பூசையைக் கேள். நடுப்பூசை மணி அடிக்கிறது, கோவிலே முழங்காலில் இருக்கிறது. ரோஷன் பீடத்தைக் காட்டிச் சத்தமாகக் கேட்கிறான்: “அக்கா, இயேசப்பாவுக்கும் நீள முடில்லா? அவருக்குப் பேன் உண்டா?” முன் பெஞ்சில் இருந்தவர்களின் தோள்கள் குலுங்கின. ஜோவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

வாசல் மணலில் நின்றபோதுதான் தெரிந்தது, அது நீ நிற்கும் இடம். நீ கதை பேசத்தான் வெளியே போகிறாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு பிரசங்கத்தையாவது முழுசாகக் கேட்டிருப்பாயா? வீட்டில் ஜெபமாலையைத் தொடங்கினால் ஜோவிட்டா தூங்கிவிடுகிறாள், இவன் ஜெபமாலைச் சிலுவையைக் கடிக்கிறான். நடுவில் குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து, “ஏலே, கீழ இறங்கு” என்று முடிக்கிறேன். நீ எப்போது ஜெபித்தாய் அம்மா? ஜெபித்தாயா?

வெள்ளிக்கிழமை ரோஷனுக்குக் காய்ச்சல் வந்தது. அத்தை வந்து தொட்டுப் பார்த்தாள். “நான் அப்பமே சொன்னேன்லா. நேர்ச்சை கடனா நிக்கி. தலைமுடியைக் கொடுக்கலேன்னா பிள்ளையைக் கேப்பாவ” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புதுக்கோட்டைக்குப் போய்விட்டாள். சொல்பவளுக்குச் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் மருந்து கொடுத்து, காலையில் இறங்காவிட்டால் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

நேற்று ராத்திரி அவன் உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னைப் பார்த்து “அம்மா” என்றான். நான் திருத்தவில்லை. அப்போதுதான் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: இவனுக்குக் காய்ச்சல் இறங்கட்டும், என் தலையை மொட்டை போடுகிறேன்.

பூமுடி என்று சொல்லியிருக்கலாம். நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் முடிந்திருக்கும், பெண்பிள்ளைகள் அப்படித்தானே செய்கிறார்கள்? இல்லை, மொட்டைதான் வந்தது வாயில். இடுப்பு வரைக்கும் முடி! அடுத்த வாரம் வகுப்பில் குரூப் போட்டோ! உன் மகள்தானே, எதையும் அளந்து பேசத் தெரியாது.

காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி தின்றான், என் பேனாவால் சுவரில் தோணி வரைந்தான். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் காய்ச்சல் திரும்ப வந்துவிடுமோ என்று பயம். சொல்லாமல் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், எனக்குப் பிறகு ஜோவிட்டா இப்படி உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வாளே என்று அதைவிடப் பயம். அத்தை திரும்பி வந்து கூடத்தில் படுத்திருக்கிறாள். செத்தவளுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால், அதற்கும் ஒரு காய்ச்சல் வரும் என்பாள். அடுப்படியில் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கோவிலில் முடி இறக்குவது என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். அம்மா, நேற்று நான் யார் பெயரையும் சொல்லவே இல்லை. மாதாவே என்றோ அந்தோணியாரே என்றோ வரவில்லை. “யாராவது கேளுங்க, யாராவது கேளுங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நீயும் அப்படித்தானா? யாரிடம் சொன்னோம் என்று உனக்கே தெரியாததால்தான் கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லையா?

நாளைக்கு ஞாயிறு. முதல் பூசை முடிந்ததும் நம் மாதா கோவில் வாசலில் வைத்தே இரண்டு தலையையும் முடித்துவிடப் போகிறேன். சலூன் அண்ணாச்சியிடம் சொல்லியாகிவிட்டது. பொடியனுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். அத்தை குதித்தால், அம்மா நேர்ந்தது இங்கேதான், எனக்குத் தெரியும் என்று சொல்வேன். பொய் என்றால் நீ வந்து இல்லையென்று சொல்.

அண்ணாச்சியின் கத்தியைப் பார்த்து அவன் கட்டாயம் அழுவான். அதனால் முதலில் நான் உட்காருவேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழமாட்டேன், அம்மா. சத்தியம்.

நீ பெற்ற மூன்றில் மூத்தது,
மெரிட்டா