பதினோராம் பக்கத்துச் சாவி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகம், கடையும் சுகம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. உன் உடம்பும் மனசும் அதே மாதிரி தெம்பாக இருக்க வேண்டும். ஒரு பெரிய சமாச்சாரம் இருக்கிறது, கை பரபரக்கிறது, ஆனாலும் வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் தாண்டிப் படிக்காதே.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். மாலை வகுப்பு நன்றாகப் போகிறது என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதியிருந்தேன் இல்லையா, போகவில்லை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன், ஆங்கில இலக்கியத்தில் மட்டும் இரண்டு தேர்விலும் மண்ணைக் கவ்வினேன். மூன்றாவதும் போனால் பொதுப் பரீட்சைப் பட்டியலில் பெயர் கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷமாக டைல்ஸ் கடை நடத்துகிறேன், எந்தப் படிவத்தை நீட்டினாலும் படிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்கிறவள் நான், அந்தக் கோட்டை எடுக்கத்தானே இந்த வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே டீச்சர் ஒரு தாள் கொடுத்தார், இந்த வருஷத்துக் கருப்பொருள்கள் இன்னின்ன, கற்றல் இலக்குகள் இன்னின்ன என்று. உண்மையும் பொய்யும், அதிகாரம், விசுவாசம், தனிமை. எனக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்தது, என்ன வந்து சேரும் என்று எந்தக் கம்பெனிக்காரன் இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே எழுதித் தருகிறான்? ஆனால் இலக்குகளில்தான் இடறினேன். சொல்லும் கருத்துக்குப் புத்தகத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும் என்பது ஒன்று, நான் கதையில் வருகிறவர்களை வாடிக்கையாளர் மாதிரி எடை போட்டு, இந்த ஆளுக்கு நான் சரக்கே தரமாட்டேன் என்று எழுதி வைத்தேன், டீச்சர் சிவப்பு மையில் ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார். கதை சொல்கிறவரின் நம்பகத்தன்மையை மதிப்பிடுதல் என்று இன்னொன்று, அதை நான் பிராண்டு பார்க்கிற மாதிரி, எழுதினவர் பேர்போனவரா என்று விசாரிப்பது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது தேர்வை வீட்டிலிருந்தே எழுதி வரச் சொன்னார்கள். ஒரு விடுதிக் காவலாளி தன் வாயால் சொல்கிற கதை. மாடியில் தங்கியிருந்த முதியவரின் பெட்டி காணாமல் போகிறது, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான் காவலாளி. அவன் குற்றவாளியா இல்லையா என்பதுதான் கேள்வி. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக நாலு தடவை படித்தேன். பதினோராம் பக்கத்தில் மாடி அறைச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை என்கிறான், இருபத்தாறாம் பக்கத்தில் மழை வந்தது, மாடி அறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன் என்கிறான். எட்டாம் பக்கத்தில் கால் வலி, படியே ஏறமாட்டேன் என்றவனும் அவன்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே நம்பர் போட்ட பெட்டியைப் பிரித்தால் டைல்ஸ் இரண்டு சாயலில் இருக்குமே, அந்தக் கோபம். குறையுள்ள புத்தகத்தைப் பள்ளி தலையில் கட்டிவிட்டார்கள் என்று, கேள்விக்கு விடையே எழுதாமல், கம்பெனிக்கு எழுதுகிற மாதிரி புகார் எழுதினேன். பக்கம் இது, குறை இது, மாற்றித் தரவும். வகுப்பில் அதைக் கொடுக்க எடுத்தபோது பக்கத்து பெஞ்சு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கதையில ஓட்டை இருந்தா நமக்கென்ன, ஒழுங்கா பதில எழுதி மார்க்க வாங்குங்க" என்றார். நான் கேட்பேனா, நீட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை எல்லார் தாளையும் கொடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் டீச்சர் கையிலேயே வைத்துக்கொண்டார். முடிந்தது கதை என்று பையை எடுத்தேன். அவர் என் புகாரை முதலிலிருந்து கடைசி வரை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தார். அப்புறம் சொன்னார், "அக்கா, புத்தகத்துல குறையே இல்ல. பொய் சொல்றது அந்தக் காவலாளி. எழுதினவர் வேணும்னே அப்படி விட்டிருக்கார், அடுத்த வாரம் நான் சொல்லித் தர இருந்தத நீங்க புகாரா எழுதிட்டீங்க." ஒருவன் முப்பது பக்கம் என்னிடம் பேசிக்கொண்டே ஏமாற்றியிருக்கிறான், நான் அச்சகத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆதாரம் எல்லாம் இருக்கிறது, முடிவு மட்டும்தான் இல்லை, திருத்தித் தர எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்றார். மேஜையோரம் நின்றபடியே எழுதினேன், ஆகவே பெட்டியை எடுத்தவன் இவனே. மறுநாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல், ஏழாவது பெயர் என்னுடையது. டிரைவர்தான் முதலில் பார்த்துக் கத்தினார். உங்கப்பாவிடம் சொன்னதும், இனிமே இந்த வீட்ல வாயத் திறந்தா ஆதாரம் கேப்பே, நான் பேசாமலே இருந்துக்கறேன் என்றார், ஆனால் தெருமுனை தையல்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது எதைப் பார்த்தாலும் அந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன், நேற்று உன் கடிதங்களை எடுத்தேன். முதல் மூன்றிலும் உன் சூப்பர்வைசரைத் திட்டாத பாரா இல்லை, கடைசி இரண்டில் அந்த ஆளே இல்லை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவன், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்கிறாய். நல்லாயிருக்கேன் என்று ஒரே பக்கத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறாய், முன்பெல்லாம் ஒரு தடவைகூட எழுத மாட்டாய். என் முடிவு, அந்த வேலை இப்போது உன்னிடம் இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் தோற்றதை மறைத்தவள்தான், உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. தப்பாகப் படித்திருந்தால் எந்த வரி என்று காட்டி மறுத்து எழுது, சரியாகப் படித்திருந்தால் மறைக்காமல் எழுது, வேறு வேலைக்கு வழி இரண்டு பேருமாக யோசிப்போம்.

நல்லபடியாக இரு, உன் கையும் காலும் உழைக்கிற இடமெல்லாம் உனக்கு மரியாதை கிடைக்கட்டும். பரீட்சை பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, அதற்கு முன்னால் உன் பதில் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வினாத்தாளை விட்டுவிட்டு உன்னைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். நல்லாயிருக்கேன் என்ற வார்த்தையே இல்லாத ஒரு கடிதம் எழுது, அதை அப்படியே நம்பிவிடுகிறேன்.

பட்டியலில் ஏழாவதாக இருக்கும்,
உன் அம்மா